காயக் கூடாத புத்தகம்

“துடைச்சிடாதீங்க. விரிச்சிடாதீங்க. முக்கியமா, காய வெச்சிடாதீங்க.”

போனில் இதைச் சொல்லும்போதே பசை அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மறுமுனையில் இருந்தது, ஊர்க் கால்பந்து அணியின் பழைய கோல்கீப்பரின் மனைவி.

“காய வைக்கக் கூடாதா? அக்கா, எப்படிக் காய வைக்கிறதுன்னு கேக்கத்தான் போனே பண்ணேன். என் தம்பி ஹேர் டிரையரோட நிக்கிறான்.”

“மொதல்ல அதை அவன் கையிலேருந்து பிடுங்குங்க. அப்புறம் பேசுங்க.”

போனில் சின்னதாக ஒரு இழுபறி கேட்டது.

“பிடுங்கிட்டேன்.”

“தாள் பளபளன்னு இருக்கா? தொட்டா வழுக்குதா?”

“ஆமா. காலண்டர் தாள் மாதிரி.”

“ஒரு துண்டை நல்லா நனைச்சு அதுல சுத்துங்க. பிளாஸ்டிக் பையில போட்டு உடனே கொண்டு வாங்க. வழியில காயற மாதிரி இருந்தா தண்ணி தெளிங்க.”

நனைந்த புத்தகத்தின் மேல் மறுபடி தண்ணீர் தெளிக்கச் சொல்கிறவரை நம்பலாமா என்று யோசிக்கிறாள் போலிருந்தது.

“வர்றேன்க்கா” என்று கடைசியில் பதில் வந்தது.

சாதாரணப் புத்தகம் நனைந்தால் காய வைப்பதுதான் வைத்தியம். பளபளப்புத் தாளின் கதை வேறு. படம் துல்லியமாக விழ வேண்டும் என்பதற்காக அதன் மேல் வெள்ளைக் களிமண்ணும் பசையும் கலந்து மெல்லிசாகப் பூசியிருப்பார்கள். நனைந்ததும் அந்தப் பூச்சு இளகும். காயும்போது எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இறுகும். அப்புறம் அது புத்தகமல்ல, செங்கல். ஈரமாக இருக்கும்வரை பிரித்துவிடலாம். எனவே காய்வதற்கு முன்னால் எல்லாப் பக்கங்களையும் பிரித்தாக வேண்டும்.

பசை அக்கா வாரம் முழுக்க ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை ஓரம் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர். புத்தக வேலை வீட்டில்தான், விடுமுறையிலும் சாயங்காலங்களிலும். மகள் பள்ளியில் படித்தபோது அவளுடைய அட்லஸ் கிழிந்தது. அக்கா அதைச் செல்லோடேப்பால் ஒட்டினார். சில வருஷங்களில் டேப் பழுப்பாகி, கசிந்து, கடல்களையும் நாடுகளையும் அரித்துவிட்டது. கிழிசல் கெடுத்ததைவிட வைத்தியம் கெடுத்தது அதிகம் என்பது அவருக்குப் பெரிய அவமானமாகப் போயிற்று. கடையிலிருந்து கொண்டுவந்த இடுக்கியால் அந்த டேப்பை அணு அணுவாக எடுக்க ஆரம்பித்தவர் பிறகு நிறுத்தவேயில்லை. மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்யக் கற்றுக்கொண்டார். நாளைக்கு யாராவது வேண்டாம் என்று நினைத்தால் தண்ணீர் தொட்டு எடுத்துவிடக் கூடிய பசை. ‘பசை’ என்ற பெயரை வைத்தது நாத்தனார். மாடி வீட்டிலேயே குடியிருக்கும் அவர், இந்த வீட்டு மைதா பரோட்டாவுக்கும் பூரிக்கும் போகாமல் அட்டைக்குப் போவதைப் பல வருஷங்களாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

உள்ளறையில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை. பழைய கதவுப் பலகையைத் தையல் மெஷினின் இரும்புக் காலில் உட்காரவைத்தது. பக்கத்தில் புத்தகங்களை அழுத்தி வைக்க ஒரு கருவி. இரண்டு தடித்த பலகைகள், நடுவில் பஸ் டயர் மாற்றும் ஜாக்கி. அது கணவரின் படைப்பு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவரை இன்றும் தெருவில் எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மனைவியின் வேலையில் அவருக்கு நேரடிப் பங்கு ஒன்றே ஒன்று. மழைக்காலத்தில் ஒழுகும் வீடுகளிலிருந்து நனைந்த பாடப்புத்தகங்கள் வரும். அக்கா வேலைக்குப் போயிருந்தால் டிரைவர் வாங்கி, நிமிர்த்தி நிற்கவைத்து, பக்கங்களை விசிறி போல விரித்து, ஃபேனைப் போட்டுவிடுவார். “நிக்க வை, விரி, காத்தைக் காட்டு.” அக்கா சொல்லிச் சொல்லி அது அந்த வீட்டில் பாடமாகிவிட்டது.

கோல்கீப்பரின் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கியபோது பை சொட்டிக்கொண்டிருந்தது. வாஷிங் மெஷினின் குழாய் கழன்று, அலமாரியின் அடித்தட்டில் இருந்த புத்தகம் முழுசாக முங்கிவிட்டது. அக்கா அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பித் தயாராக இருந்தார். துண்டைப் பிரித்தார். புத்தகத்தை அப்படியே தண்ணீருக்குள் இறக்கினார்.

“ஐயோ!” என்றாள் வந்தவள்.

மாடிப்படியில் நின்ற நாத்தனார் எட்டிப் பார்த்தார். “என்ன அண்ணி, புத்தகத்துக்குத் தலைக்கு ஊத்தறீங்களா? சீயக்காய் கொண்டு வரட்டா?”

“நீ சும்மா இரு. ரெண்டு வாளி தண்ணி பிடிச்சு வை, அது போதும்.”

அது உள்ளூர்க் கால்பந்துக் கழகம் தன் இருபத்தைந்தாவது ஆண்டுக்குப் போட்ட மலர். பெரிய அளவு, கனமான தாள், பக்கத்துக்குப் பக்கம் படங்கள். வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் நுழையும் அளவாக இருந்திருந்தால் அக்கா இதை உறையவைத்து, நாள் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்திருப்பார். அதற்கு வழியில்லை. இன்றைக்கே பிரித்தாக வேண்டும்.

“இன்னொரு காப்பி கிடைக்காதா?”

“கழகமே மூடிட்டாங்க. கூட ஆடினவங்க வீட்டுக்கெல்லாம் போய்க் கேட்டுட்டேன். ஒருத்தர்கிட்டயும் இல்ல.” அவள் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அவர் பேச்சே இதுலதான்க்கா இருக்கு.”

கோல்கீப்பருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. கால் திரும்பியது, கை பாதி திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் தண்ணீர், சோறு, கதவு என்று அட்டைகளைக் காட்டிக் காட்டி அலுத்துப் போனாள். ஒருநாள் அவராகவே இந்த மலரை எடுத்து, ஒரு படத்தில் விரலை வைத்து, பின்வரிசையில் நின்றவனின் பெயரைச் சொன்னார். தெளிவாகச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் இந்தப் புத்தகம்தான். விரல் வைப்பார், பெயர் சொல்வார். வேறொரு வார்த்தை கிடையாது.

“போன்ல படம் எடுத்துக் காட்டலாமே?”

“காட்டினேன். தட்டி விட்டுட்டார். அவருக்குப் பக்கத்தைத் திருப்பணும்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “ஒரு ஊரையே பேர் சொல்லிக் கூப்பிடறார். என்னை மட்டும் இன்னும் இல்ல. நான் அந்த டீம்ல ஆடல பாருங்க.”

அக்கா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். “நீங்க வீட்டுக்குப் போங்க. அவரைத் தனியா விட வேண்டாம். எதுவானாலும் நானே சொல்றேன்.”

வேலை தொடங்கியது. எலும்பில் செய்த மெல்லிய தகடு ஒன்றைத் தண்ணீருக்குள்ளேயே இரண்டு தாளுக்கு நடுவில் நுழைத்து, இழுக்காமல், தண்ணீரே உள்ளே போய்ப் பிரிக்கும்படி விட வேண்டும். விரல் அவசரப்பட்டால் படத்தின் தோல் உரிந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். பிரிந்த தாளை வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் ஒட்டாத தாள் வைத்து அடுக்க வேண்டும். அந்த ஒட்டாத தாள் ஸ்டிக்கர் கடைக் குப்பை. ஸ்டிக்கரை உரித்ததும் மிஞ்சும் வழுவழுப்பான மஞ்சள் பின்தாள். அதன் மேல் எதுவும் ஒட்டாது. கடைக்காரர் தூக்கிப் போடுவதை அக்கா சுருளாக வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார்.

முன்பகுதி நன்றாக வந்தது. கழகத் தலைவரின் வாழ்த்துச் செய்தி, கோப்பைகள், பழைய மைதானம், சேறு அப்பிய பையன்கள், எல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து எழுந்தன. முதுகுத் தையலை அறுத்துப் பகுதி பகுதியாகப் பிரித்ததில் வேகம் கூடியது. டிரைவர் தாள்களை வாங்கி வாங்கி அடுக்கினார். நடுப்பகுதியையும் கடைசிப் பகுதியையும் தொட்டியிலிருந்து எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, தட்டில் வைத்தார் அக்கா. பளபளப்புத் தாள் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினால் பூச்சே கரைந்து கஞ்சியாகிவிடும்.

அப்போதுதான் மஞ்சள் தாள் தீர்ந்தது. கட்டிலுக்கடியில் கை விட்டுத் துழாவினால் வெறும் அட்டைக் குழல்.

“நான் போய் வாங்கிட்டு வரட்டா?” என்றார் டிரைவர்.

“உங்களுக்கு எது வழுக்கற பக்கம்னு தெரியாது. போன தடவை வால்பேப்பர் வாங்கிட்டு வந்தீங்க. நானே போறேன். இதைப் பார்த்துக்கோங்க.”

‘பார்த்துக்கோங்க.’ அந்த ஒரு சொல்லை அக்கா பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தார்.

ஸ்டிக்கர் கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் சாப்பிடப் போயிருப்பதாக எதிர்க்கடையில் சொன்னார்கள். அக்கா வீட்டு எண்ணைக் கேட்டுக்கொண்டு சந்துக்குள் ஓடினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை எச்சில் கையோடு எழுப்பினார். “உயிர் போற விஷயம் மாதிரி வந்துருக்கீங்க. குப்பைக்கா இந்த ஓட்டம்?” என்றபடியே அவர் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். திரும்பும் வழியில் ஏதோ ஊர்வலம். பஸ் நகரவில்லை. அக்கா இறங்கி, சுருளைத் தோளில் சாத்திக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். துணியின் ஈரம் தாங்கும், நிச்சயம் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே நடந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் கேட்டது. உள்ளறையில் ஃபேன், முழு வேகத்தில்.

நடுப்பகுதியும் கடைசிப் பகுதியும் மேஜையில் நிமிர்ந்து நின்றன. விசிறி போல விரித்து வைக்கப் பார்த்திருந்தார்கள். விரிந்தவை ஓரங்கள்தான். ஃபேனுக்கு நேரே இருந்த மூலை வெளுத்து விறைத்திருந்தது. டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸைச் சரியான நேரத்தில் கொண்டுவந்து நிறுத்திய முகத்தோடு நின்றார்.

“மறந்துட்டுப் போயிட்ட. துணியோட அப்படியே கெடந்தது. நான்தான் பார்த்து…”

அக்கா சுருளைக் கீழே போட்டார். ஃபேனை நிறுத்தவில்லை, பிளக்கையே பிடுங்கினார். இரண்டு பகுதிகளையும் தூக்கித் தொட்டிக்குள் அமிழ்த்தினார்.

“யாரு உங்களைக் காய வைக்கச் சொன்னா?”

“நீதான்!”

“நான் எப்ப சொன்னேன்?”

“எப்ப சொல்லல? நனைஞ்ச புத்தகமா, நிக்க வை, விரி, காத்தைக் காட்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இன்னிக்கு மட்டும் தண்ணியிலேயே கெடக்கணும்னா, எனக்கென்ன ஜோசியமா தெரியும்?”

அக்கா காலையில் போனில் கோல்கீப்பரின் மனைவியிடம் காய வைக்காதே என்று விளக்கமாகச் சொன்னார். அப்போது டிரைவர் கடைக்குப் போயிருந்தார். அப்புறம் இரண்டு பேரும் ஒரே தொட்டியில் கை வைத்து வேலை செய்தார்கள். பளபளப்புத் தாளுக்கு மட்டும் சட்டம் தலைகீழ் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடவே இருக்கிறவருக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு.

“விளக்கைக் கிட்ட கொண்டு வாங்க” என்றார்.

டிரைவர் விளக்கைப் பிடித்தார். தண்ணீரில் வெளிச்சம் ஆடியது. அக்கா தகட்டை நுழைத்தார். முதல் தாள் வந்தது. அடுத்ததும் வந்தது, ஒரு மூலை மட்டும் எதிர்ப்பக்கத்தில் தங்கிவிட்டது. வெறும் புல்தான், முகம் இல்லை. அதற்கடுத்தது அசையவில்லை. காத்திருந்தார். மறுபடி. ஓரத்தில் தண்ணீர் ஊர்ந்து உள்ளே போவது தெரிந்தது. தாள் மெதுவாக, ஒரு பெருமூச்சு போல, விலகியது.

“வருது, வருது” என்றார் டிரைவர்.

“பேசாதீங்க.”

நாத்தனாரும் வந்து நின்றார். கேட்காமலேயே வாளித் தண்ணீரை மாற்றினார்.

கடைசிப் பகுதி முழுதும் மீண்டது. நடுப்பகுதியில் பாதி மீண்டது. ஃபேனுக்கு மிக அருகில் நின்ற நான்கு தாள்கள் மட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டுவிட்டன. தகடு ஓரத்தைத் தாண்டவில்லை. அக்கா கொஞ்சம் அழுத்தம் கொடுத்தார். மெல்லிய கிர் என்ற சத்தம். உடனே கையை எடுத்துவிட்டார்.

“நான் ஒரு தடவை முயற்சி பண்ணட்டா?” என்று டிரைவர் கட்டைவிரலை நீட்டினார். “மெதுவாத்தான்.”

“வேண்டாம். இதுக்கு மேல பிரிச்சா முகம் முகமா உரியும். ஒட்டியிருந்தா உள்ளயாவது இருக்கும்.”

அந்த நான்கு தாள்களில் என்ன இருக்கிறது என்பது முன்பக்கப் பட்டியலில் அச்சாகியிருந்தது. இறுதி ஆட்டம். கோப்பை வென்ற அணி, மொத்தமாகவும் தனித்தனியாகவும்.

கோல்கீப்பரின் மனைவிக்கு அக்காவே போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை. எந்தப் பக்கங்கள், எப்படி, யாரால் என்று சொன்னார். ‘யாரால்’ என்ற இடத்தில் “எங்க வீட்டுல நடந்த தப்பு” என்றார். டிரைவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தப் பக்கத்துக்குப் போன வாரம்தான்க்கா வந்தார்” என்றாள் அவள். “கேப்டன் பேரைச் சொல்லிட்டு ரொம்ப நேரம் சிரிச்சார். என் தம்பி ஹேர் டிரையரைப் போட்டிருந்தாலும் இதேதான ஆகியிருக்கும்? அதுக்கு நான் அவ்வளவு தூரம் ஆட்டோ பிடிச்சு வந்திருக்க வேணாமே.”

எல்லாப் பக்கமும் போயிருக்கும், இப்போது நாலு தாள்தான் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் அதை இப்போது சொன்னால் சமாளிப்பாக ஆகிவிடும். “கேளுங்கம்மா, திட்டுங்க” என்று மட்டும் சொன்னார். அவள் திட்டவில்லை, போனை வைத்துவிட்டாள்.

தாள்கள் ஜாக்கிப் பலகைகளின் அழுத்தத்தில் காய்ந்து முடிந்தன. அக்கா அவற்றைப் பழைய ஓட்டைகளிலேயே நூல் விட்டுத் தைத்தார். ஒட்டிப்போன நான்கு தாள்களையும் அவை இருந்த இடத்திலேயே, ஒரே கனத்த அட்டை போல, சேர்த்துத் தைத்தார். அதை எடுத்துவிட்டால் புத்தகம் பார்க்க ஒழுங்காக இருக்கும், பக்கம் தடங்கலில்லாமல் திரும்பும் என்று டிரைவர் சொல்லிப் பார்த்தார். “அவர் ஆளுங்க உள்ள இருக்காங்க” என்றார் அக்கா.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க இரண்டு பேரும் போனார்கள். டிரைவருக்கு வர மனமில்லை. ஆனாலும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கோல்கீப்பர் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். உயரமான ஆள், பெரிய கைகள். மடியில் புத்தகத்தை வைத்ததும் இடது கையால் அட்டையைத் தடவினார். திருப்ப ஆரம்பித்தார். விரல் வைத்தார், ஒரு பெயர். திருப்பினார், இன்னொரு பெயர். மூலை உரிந்த பக்கத்தில் வெள்ளைத் திட்டைச் சற்றே பார்த்துவிட்டுத் தாண்டினார்.

பிறகு அந்தக் கட்டி வந்தது.

நகத்தால் ஓரத்தைக் கீறினார். வரவில்லை. புத்தகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் கண் வைத்துப் பார்த்தார். மறுபடி கீறினார். அவர் மனைவி குறுக்கே கை நீட்டி அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனாள். அந்தக் கையைத் தட்டிவிட்டார். முகம் சிவந்தது. புத்தகத்தை அக்காவின் பக்கம் தள்ளி, கட்டியின் மேல் விரலால் குத்தினார்.

“தொற.”

அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெயர் அல்லாத முதல் சொல் அது.

“தொற!”

“முடியாதுண்ணே” என்றார் அக்கா. “பிரிச்சா உரிஞ்சிடும்.”

“தொற!” கை நாற்காலியின் மரக்கையில் அறைந்தது.

“அண்ணே, தப்பு என்னுது” என்று டிரைவர் முன்னால் வந்தார். கோல்கீப்பர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். டிரைவர் வந்த வழியே பின்வாங்கி வாசற்படியில் போய் நின்றார்.

இப்போது பசை அக்காவின் வீட்டில் ஜன்னல் ஓரமெல்லாம் செங்கற்கள். பழைய பளபளப்புப் பத்திரிகைகளைக் கிலோ கணக்கில் வாங்கி, நனைத்து, ஃபேனில் காயவைத்து, வேண்டுமென்றே ஒட்டவைக்கிறார். காயவைக்கும் பொறுப்பு டிரைவருக்கு. அவரைவிட அதை நன்றாகச் செய்ய ஆளில்லை என்கிறார் நாத்தனார். பிறகு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். வெந்நீர், ஆவி, ஸ்பிரிட், பல நாள் ஈரத்துணி. நடிகைகளின் கன்னங்கள் எதிர்ப்பக்கத்துக் கார் விளம்பரத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. சில சமயம் ஒரு தாள் முழுசாக வருகிறது. ஏன் வந்தது என்று தெரிவதற்குள் அடுத்தது கிழிகிறது. பத்திரிகையில் பத்து தடவை ஒழுங்காக வராமல் கோல்கீப்பரின் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்பதில் அக்கா பிடிவாதமாக இருக்கிறார்.

காலையில் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் போன் அடிக்கும். கோல்கீப்பரின் மனைவி எண்ணை அழுத்திக் கணவரிடம் கொடுத்துவிடுவாள். “தொற” என்று குரல் வரும். “இன்னும் இல்லண்ணே” என்பார் அக்கா. பின்னாலிருந்து அவள் சத்தம் கேட்கும்: “என் பேரு வரல. உங்களை விரட்டறதுக்கு மட்டும் தினம் வாய் வருது.”

போன வாரம் அவர் வேறு மாதிரி ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது. முதல் சொல் தடுக்கி நின்றது, மறுபடி கிளம்பியது.

“எப்ப… தொறப்ப?”

அக்கா ஜன்னலோரச் செங்கற்களைப் பார்த்தார். பேச்சுக்கு ஒரு நாளைச் சொல்லியிருக்கலாம்.

“தெரியலண்ணே” என்றார்.

மறுமுனையில் போன் பட்டென்று வைக்கப்பட்டது.